ஏர் படாத ஒரு ஏக்கர்

அயோவாவில் ஒரு டவுன்ஷிப்புக்குப்
புல் வெட்டுகிறவன் நான்.
தடவைக்கு நாற்பது டாலர், பெட்ரோல் என் கணக்கு.
கல்லறைத் தோட்டங்கள் ஏழு.
ஆறில் கொடியும் பிளாஸ்டிக் பூவும் உண்டு,
மே மாதக் கடைசியிலாவது அழ ஆள் வரும்.
ஏழாவது, ட்ரோஸ்டல் மேடு.
கடைசியாக அங்கே குழி தோண்டியது
1911இல்.

மேடு என்பது பேர்தான்.
ஆதியில் அது சமதரை.
நாலு பக்கமும் உழுது உழுது
மண் காற்றோடு பாதி, ஆற்றோடு பாதி போக,
மக்காச்சோள வயல் முழங்கால் அளவு தாழ்ந்துவிட்டது.
செத்தவர்கள் இருந்த உயரத்தில்தான் இருக்கிறார்கள்.
இறங்கியது நாங்கள்.

முப்பத்தொன்பது கற்கள்.
பிளேடு இடிக்காமல் வளைக்க வேண்டுமே, எண்ணியிருக்கிறேன்.
அகஸ்டா, வயது நாற்பது, கணவனுக்கு உண்மையாயிருந்தவள்.
கணவன் பக்கத்தில் இல்லை,
நெப்ராஸ்கா போய்விட்டதாகக் கேள்வி.
ட்ரோஸ்டல் வீட்டுப் பிள்ளைகள் ஐவர்,
ஒரே நவம்பரில், தொண்டை அடைப்பான்.
அவர்கள் கல்லின் தலையில்
ஓர் ஆட்டுக்குட்டியைப் படுக்க வைத்திருந்தார்கள்.
மழை நக்கி நக்கி
அது ரொட்டியாகிவிட்டது.

ஒரு ஜூனில் வண்டியின் பெல்ட் அறுந்தது.
புதிய பெல்ட் வர மூன்று வாரம்.
அதற்குள் மேடு
தன் இஷ்டத்துக்கு எழுந்துகொண்டது.
ஊதா, மஞ்சள், பேர் தெரியாத ஒரு வெள்ளை,
என் தோளைத் தொடும் புல்.

தூசிக் காரில் மார்கிட் ஹோக்ஸ்ட்ரா வந்தாள்.
அகஸ்டாவின் முன் மண்டியிட்டாள்.
உறவு போலிருக்கிறது என்று தொப்பியைக் கழற்றினேன்.
அவள் புல்லை எண்ணிக்கொண்டிருந்தாள்.
நூற்றுப் பன்னிரண்டு வகை, என்றாள்.
கலப்பைக்கு முன்னால் இந்த நாடே இப்படித்தான் இருந்தது,
இவர்கள் படுத்திருப்பதால் இது மட்டும் தப்பியது.
ஒரு செடியைக் காட்டினாள்:
இதன் இலை வடக்கும் தெற்குமாகவே நிற்கும்.
குழி ஆறடி, இதன் வேர் அதற்கும் கீழே.

யோசித்தால் சிரிப்பு வருகிறது.
இந்தப் புல்லை ஒழிக்கத்தான்
பொஹீமியாவிலிருந்து கப்பல் ஏறினார்கள்.
ஆறு ஜோடி எருது பூட்டி
வேர் அறுபடும் சத்தம் கேட்டவர்கள்.
இன்று அதற்கே காவல்,
சம்பளம் இல்லை, ஓய்வும் இல்லை.
அவர்களுக்கும் முன்னால்
இங்கே புதைந்தவர்கள் உண்டு,
மாநிலத்துக்குப் பேரைக் கொடுத்துவிட்டு
மிச்சப்பேர் வெளியேறினார்கள்.
அவர்களுக்குக் கல் இல்லை.
எந்த வரிசைச் சோளத்தின் கீழே என்று
எனக்குத் தெரியாது,
யாரும் கேட்டதுமில்லை.

ஆகஸ்டில் கூட்டம், ஆறிப்போன காபி.
களை மண்டினால் ஊருக்கு அசிங்கம் என்றார் எல்ராய் ஃபென்ஸ்கே.
பாம்பு வரும் என்றார்.
வரட்டுமே, யாரைக் கடிக்கப் போகிறது என்றேன்.
அறை சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.
இரண்டுக்கு ஒன்று:
இனி வெட்ட வேண்டாம்,
வசந்தத்துக்கு ஒரு தடவை கொளுத்தினால் போதும்.

என் நாற்பது டாலரும் அந்த வாக்கோடு போயிற்று.

ஏப்ரல், காற்று அடங்கிய காலை.
முதுகில் தண்ணீர்த் தொட்டியோடு
ஒவ்வொரு கல்லையும் சுற்றி நனைத்தேன்.
ஐவரின் கல்லுக்கு வரும்போது
தண்ணீர் தீர்ந்துவிட்டது.
பதினோரு நிமிடம்.
தீ படுத்து, எழுந்து, வேலியருகே செத்தது.
சூடு ஆறுமுன் ஓடிப் போய்ப் பார்த்தேன்.

கரி,
கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் எல்லாம் இறங்கியிருந்தது.
ரொட்டிக்கு ஒரு காது.
அப்புறம் சுருள் சுருளாக ரோமம்,
மடக்கிய முன்னங்கால்.
அதன் கீழே பேர்கள்:
வாட்ஸ்லாவ். பார்போரா. யோசெஃப்.
லுட்மிலா.
ஐந்தாவதற்குப் பேரில்லை, பதினெட்டு நாள் என்று மட்டும்.

உரக்க வாசித்தேன், உச்சரிப்பு தப்பாக இருக்கலாம்.
துடைக்கட்டுமா என்று மார்கிட் துணியோடு வந்தாள்.
வேண்டாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை மழை என்கிறது ரேடியோ.